கீழறைப் படிக்கு ஒரு கேற்

என் வயதுக்காரர்களே, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் மேட்டு வீடுகளில் பிறந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் உங்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்களுக்கு வீட்டைப் பற்றிச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ கடற்படைச் சாமான்கள் வைப்பதற்காகக் கட்டியது. பாறையைக் குடைந்து கீழே ஓர் அறை, அதற்கு மேலே எங்கள் குடித்தனம். நடுக்கூடத்தின் மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்குத் தரை இல்லாமல் இருக்கும். அங்கிருந்து கீழே பன்னிரண்டு படி. படி என்றால் பலகை மட்டும்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே அடைப்பு ஏதும் இல்லை. குனிந்து பார்த்தால் இருட்டுத் தெரியும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கைபிடிகூட இல்லை. இப்படி ஒரு படியை வீட்டுக்குள் வைத்தவனுக்குப் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள்.

போன மாதம் கொழும்பிலிருந்து மகள் தன் ஒன்றரை வயதுச் சின்னவளோடு வந்தாள். வந்து அரைமணி ஆகவில்லை, "அம்மா, உந்தக் கிடங்கைத் திறந்து வைச்சுக்கொண்டு எப்பிடி இவ்வளவு காலம் இருந்தனீங்கள்?" என்று கத்தினாள். அடுத்த நாளே, பிள்ளைகள் விழாமல் படி வாசலை மறிக்கிற வெள்ளைக் கேற் ஒன்று வாங்கிவந்து கூடத்தில் சாத்தி வைத்தாள். அதைக் கண்டதும் நான் போய்ப் படி வாசலுக்குக் குறுக்கே நின்றேன்.

"உதை இஞ்சை பூட்ட ஏலாது" என்றேன்.

"ஏன் ஏலாது?"

"ஏலாதெண்டால் ஏலாது."

அம்மாவுக்கு மூளை தட்டிவிட்டது என்பதுபோல அவள் பார்த்தாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு இரண்டு நிறையவில்லை. வீட்டில் அப்பா, அம்மா, அம்மாவின் உடன்பிறப்பான மாமா, நாங்கள் இருவர். அப்பா துறைமுகத்தில் வத்தைத் தண்டையல். வத்தை என்பது கப்பலிலிருந்து சரக்கு இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் தட்டைப் படகு; அதில் வேலை செய்கிற ஆட்களுக்கு மேலாள்தான் தண்டையல். அவர் சட்டையில் எப்போதும் தாரும் கோதுமை மாவும் கலந்த மணம் இருக்கும். கோபம் வந்தால் இடுப்புப் பெல்ற் எப்போது கழன்றது என்றே தெரியாது, கையில் இருக்கும். அந்தக் காலத்து அப்பாக்கள் எல்லாரும் அப்படித்தானே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்த மாதங்களில் சண்டை மூண்டு ஷெல் விழத் தொடங்கியது. விரிகுடாவுக்கு அப்பால் சம்பூர்ப் பக்கம் விழுந்தால் எங்கள் கூரை ஓடு மட்டும் கிடுகிடுக்கும். எங்கள் பக்கம் விழுந்தால் முதலில் ஒரு சீறல் கேட்கும், பிறகு நெஞ்சுக்குள் யாரோ குத்தியது போல இருக்கும், அதற்குப் பிறகுதான் சத்தம். சீறல் கேட்டதும் எல்லாரும் கீழறைக்கு ஓடுவோம். அதுவரை தேங்காயும் விறகும் போட்டு வைத்த இடம் ஒரே வாரத்தில் பங்கர் ஆகிவிட்டது. எலிப்புழுக்கை, உப்புப் பூத்த சுவர், பழைய எண்ணெய் என்று எல்லாம் சேர்ந்த ஒரு மணம் அதற்கு. இன்றைக்கும் கீழே போனால் அந்த மணம் அடிக்கிறது.

முதல் மாதமே தம்பி விழுந்தான். ஓடி ஓடிப் பழகிய பிள்ளை, எல்லாரும் போகிற இடத்துக்குத் தானும் போகப் பார்த்திருக்கிறான். ஆறு படி உருண்டு, ஏழாவது படியின் இடைவெளியில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கினான். தாடை பிளந்து எலும்பு தெரிந்தது. அம்மா தன் சேலையால் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஐந்து தையல் போட்டார்கள்.

அப்பா வேலையால் வந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை, பெல்ற்றைக் கழற்றினார். பெல்ற்றின் இரும்புப் பக்கிள் பட்ட இடம் இன்றும் என் முழங்கைக்கு மேலே வெள்ளையாக இருக்கிறது. அம்மா நடுவில் வந்து விழுந்தாள். அவளுக்கும் இரண்டு பட்டது.

"அவள் பத்து வயதுப் பிள்ளை, அவள் என்ன செய்வாள்? முதலிலை உந்தப் படியை அடையுங்கோ!"

"நான் வேலைக்குப் போறதோ, தச்சுவேலை செய்யிறதோ?"

ஆனாலும் செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மாமாவும் காலையிலிருந்து மாலைவரை படியோடு கிடந்தார்கள். தேயிலைப் பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகையைப் படிகளுக்கு நடுவே வைத்து அறைந்து எல்லா இடைவெளியையும் மூடினார்கள். பெட்டிப் பலகையில் ஒட்டியிருந்த தேயிலைத் தூள் மணம் கொஞ்ச நாள் கீழறை மணத்தையே வென்றது. திறந்த பக்கத்துக்கு மாமா எங்கிருந்தோ ஒரு பழைய மீன்வலை கொண்டுவந்தார். கூரை வளையிலிருந்து கடைசிப் படிவரை அதை இரட்டையாக மடித்து, நடுவே தொட்டில்போலத் தொய்யும்படி கட்டி, தன் முழு உடம்பையும் அதில் சாய்த்துப் பார்த்தார். இருட்டில் தெரியவேண்டும் என்று ஒவ்வொரு படி விளிம்பிலும் சுண்ணாம்புக் கோடு போடுவது என் வேலை. அன்று வீட்டில் எல்லாரும் சிரித்தோம். அந்தச் சோளகத்தில் அப்படிச் சிரித்த நாள் அது ஒன்றுதான்.

மேல் வாசல் மட்டும் திறந்தபடியே இருந்தது. அதற்கு ஒரு கேற் வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா ஒவ்வொரு தரமும் எழும்பி வெளியே போய்விடுவார். அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் மாமா பழைய கட்டில் சட்டங்களை அறுத்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு கேற் செய்து பூட்டினார். பிள்ளைக்கு எட்டாதபடி மேலே ஒரு தாழ்ப்பாள். நல்ல வேலை. தம்பி அதைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு அழுதான். அம்மா ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாள்.

அப்பா வந்து கேற்றைப் பார்த்தார். நேரே அடுப்படிக் குசினிக்குப் போய்க் கோடாலியை எடுத்துவந்தார்.

முதல் வெட்டில் தாழ்ப்பாள் பறந்து அலுமாரிக் கண்ணாடியில் அடித்தது. "அத்தான், உங்களுக்கென்ன விசரோ?" என்று மாமா கையைப் பிடித்தார். அப்பா கோடாலியைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையால் அடித்தார். இருவரும் கூடத்தில் உருண்டார்கள். கதிரை ஒன்றின் கால் முறிந்தது. மாமாவின் முன்பல் ஒன்று சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ரத்தத்தோடு கிடந்ததை நான் கண்டேன். பிறகு அப்பா எழும்பி, மூச்சு வாங்க வாங்க, கேற்றைச் சட்டம் சட்டமாக உடைத்துக் கீழறைக்குள் எறிந்தார்.

"பூட்டின வாசலிலை பிள்ளையள் சாகிறதை நீ பாத்தனியோ?" என்று மாமாவைக் கேட்டார். "பாத்தனியோடா?"

அவர் பார்த்திருந்தார். அடுத்த ஒழுங்கையில் ஒரு குடும்பம் பங்கர் மூடியின் கொண்டி இறுகித் திறக்க முடியாமல், மூடிக்கு மேலேயே செத்துக் கிடந்தது. அவர்களைத் தூக்க உதவிக்குப் போனவர்களில் அப்பாவும் ஒருவர். அம்மா இதை எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து. அன்று அதை அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மாமா பல்லோடு இருந்திருப்பார். சொல்லத் தெரியாத மனிதர், கோடாலி எடுத்தார். பிள்ளை விழக்கூடாது என்ற மாமாவும் சரி, ஓடுகிற வழியை அடைக்கக்கூடாது என்ற அப்பாவும் சரி. இரண்டு சரியும் ஒரு வீட்டுக்குள் அடிபட்டன.

அப்பா தன் வழியில் தீர்வு செய்தார். பிள்ளையைக் கட்டி வைப்பது. முகத்தைச் சுளிக்காதீர்கள், அன்று எத்தனை வீடுகளில் தவழ்கிற பிள்ளையைச் சேலைத் துண்டால் கட்டில் காலோடு கட்டிவிட்டுச் சோறு வடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சேலைக்குப் பதிலாக மணிலாக் கயிறு. இடுப்பில் உரசாமல் அம்மாவின் பழைய சேலையைச் சுற்றி, மறுமுனையைக் குசினி அலுமாரியின் காலில் கட்டினார். நீளம் இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் உயரம். குசினி வாசல்வரை போகலாம், கூடத்துக்குள் வர முடியாது. முடிச்சு வத்தையில் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், ஒரு காதைப் பின்பக்கம் தள்ளினால் உடனே விடும். அம்மாவுக்குப் பழக்கினார். எனக்கு எத்தனை தரம் காட்டியும் வரவில்லை.

"உனக்கு வராட்டி விடு. கொம்மா அவிழ்ப்பா" என்றார்.

ஷெல் சீறினால் யார் என்ன செய்வது என்றும் அவர் பிரித்துக் கொடுத்தார். அம்மா பிள்ளையை அவிழ்த்துத் தூக்க வேண்டும். மாமா அரிசிப் பையும் ரேடியோவும். நான் லாம்பும் தண்ணீர்ப் போத்தலும். அப்பா கடைசி. மேல்படியில் நின்று "ஆச்சா?" என்று கேட்பார். கீழேயிருந்து "ஆச்சு!" என்று அம்மாவின் குரல் வந்தால்தான் இறங்குவார். அது வத்தையில் உள்ள வழக்கம். கீழே கொக்கி மாட்டுகிறவன் ஆச்சு என்று கத்தாமல் மேலே ஒருவரும் கயிற்றை இழுக்கக்கூடாது. மாட்டாமலே ஆச்சு சொன்ன ஒருவனின் மூன்று விரல் போன கதையை அப்பா சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து எங்களுக்குச் சொன்னார்.

"பாத்துப்போட்டுத்தான் சொல்லோணும். விளங்கிச்சோ?"

"ஓம் அப்பா."

பதினைந்து இருபது தரம் அப்படியே ஓடினோம், அம்மா அப்படியே கத்தினாள். ஒரு பிழையும் நடக்கவில்லை.

அன்று மத்தியானம். கப்பல் இல்லாததால் அப்பா வீட்டில், முன்பக்க வாசலில் இருந்து பக்கத்து வீட்டுக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். மாமா கூடத்தில் படுத்திருந்தார். அம்மா பின்வளவுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தாள். தம்பி குசினியில் கயிற்றோடு தூங்கிப்போனான். நான் கூடத்து மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன்.

சீறல் கேட்கவில்லை. நேரே வெடித்தது. எந்தப் பக்கமோ ஒரு சுவர் மண்ணாகக் கொட்டியது, கூடம் முழுக்கப் புழுதி. மாமா என்னை ஒரு கையால் இழுத்துக்கொண்டு படியில் இறங்கினார். கீழே போனதும்தான் பார்த்தேன், லாம்பு இல்லை, போத்தல் இல்லை. இரண்டையும் மறந்துவிட்டேன். மாமாவின் தோளில் ஏதோ மூட்டை இருந்தது. என் காது இரண்டும் கூவென்று கூவின.

மேலே புழுதிக்குள் அப்பாவின் கால்கள் தெரிந்தன.

"ஆச்சா?"

 பதில் சொல்ல வேண்டிய அம்மா அங்கே இல்லை.

"ஆச்சா?!"

"ஆச்சு!" என்றேன்.

மாமாவின் தோளில் இருந்தது தம்பி என்று நினைத்தேன், அப்பா செத்துப்போவார் என்ற பயத்தில் சொன்னேன் என்றெல்லாம் பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது முழு உண்மை இல்லை. நான் பார்க்கவே இல்லை. லாம்பை மறந்தது தெரிந்தால் பெல்ற் வரும் என்று பயந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் நம்பவேண்டும், அவ்வளவுதான். பத்து வயதில் எனக்கு ஷெல்லைவிட அந்தப் பக்கிள் பெரிது.

அப்பா இறங்கினார். அவர் கடைசிப் படிக்கு வரும்போது மேலே வெறுங்கால் ஓடிவரும் சத்தம். அம்மா. ஈரச் சேலை, கையெல்லாம் சவர்க்கார நுரை.

"பிள்ளை எங்கை?"

"நீ எடுக்கேல்லையோ?" என்றார் அப்பா.

"நான் கிணத்தடியிலை! குசினிப் பக்கம் சுவர் விழுந்து கிடக்கு, உங்களிட்டை எண்டு நினைச்சு முன்பக்கத்தாலை வந்தனான்!"

அப்பா திரும்பினார். அம்மாவைக் கீழே தள்ளிவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறினார். மேலே செங்கல் புரளும் சத்தம், தம்பியின் அலறல். அவன் பயத்தில் இழுத்து இழுத்து முடிச்சு இறுகியிருக்க வேண்டும். அப்பா தன் முடிச்சைத் தானே அவிழ்க்க முடியாமல் கெட்ட வார்த்தையால் திட்டுவது கேட்டது. பிறகு கோடாலி கயிற்றோடு தரையில் விழுகிற சத்தம், இரண்டு தரம்.

மேல்வாசலில் அவர் தெரிந்தார். கையில் தம்பி, அவன் இடுப்பில் ஒரு முழக் கயிறு தொங்கியது. அப்போது சீறல் கேட்டது. இறங்க நேரமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி, மாமா கட்டிய வலைக்குள் எறிந்தார்.

வெடித்ததும் எனக்கு வாயெல்லாம் மண். வலை ஊஞ்சல்போல ஆடியது, கிழியவில்லை. தம்பி அதற்குள் சுருண்டு கிடந்து கத்தினான். மாமா வலையை அறுத்து அவனை எடுத்தார். அம்மா அவனைப் பறித்து, கை கால் தலை என்று தடவித் தடவிக் குழறினாள்.

அப்பா மேல்வாசலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தார். ஒரு கை முதல் படியில் தொங்கியது. சுண்ணாம்புக் கோட்டின் மேலால் ரத்தம் சொட்டுச் சொட்டாக அடுத்த படிக்கு இறங்கியது.

"ஆச்சா?" என்றார்.

அம்மாவுக்குக் கேட்கவில்லை. மாமா ஏறி ஓடினார். நான் வாயைத் திறந்தேன். சொல்லியிருக்கலாம். அப்போதுதான் அது உண்மையாகவும் இருந்தது. வரவில்லை. இன்னொரு தரம் கேட்டார், முதல் தரத்தைவிட மெல்ல. மாமா போய்ச் சேரும்போது உயிர் போய்விட்டது.

அப்பாவின் எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்த பிறகு அம்மா கேட்டாள். 

"ஆர் ஆச்செண்டு சொன்னது?"

கூடத்தில் மாமாவும் நானும் மட்டும். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் அக்கா" என்றார் மாமா. "பையைத் தூக்கின கையோடை, பாராமல் சொல்லிப்போட்டன்."

அம்மா படியில் இறங்கிக் கீழறைக்குப் போனாள். அப்பா உடைத்து எறிந்த கேற்றின் சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அது முறியும்வரை மாமாவை அடித்தாள். தலை, தோள், முகம் என்று பார்க்கவில்லை. அவர் கையை உயர்த்தவில்லை. முறிந்த துண்டால் இன்னும் அடித்தாள். "என்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்காதை!" என்று ஊர் கேட்கக் கத்தினாள். அன்று பின்னேரமே மாமா ஒரு பையோடு புல்மோட்டைக்குப் போய், அங்கே மண் அள்ளுகிற வேலையில் சேர்ந்தார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய் ஒரு சொல் சொல்ல எத்தனை அடி தூரம்? பத்து அடி இருக்கும்.

சொல்லவில்லை. வளர்ந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். கல்யாணம் முடியட்டும், தம்பி வேலைக்குப் போகட்டும், அம்மாவின் பிரஷர் குறையட்டும். போன வருடம் அம்மா செத்தாள். மாமா புல்மோட்டையிலிருந்து வந்து படலைக்கு வெளியே, றோட்டில் நின்று பிரேதத்தைப் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே வரச் சொல்லி நான்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

தேயிலைப் பலகைகள் எப்போதோ உக்கி விழுந்தன. வலையை எலி தின்றது. படி பழையபடி பல்லிளித்துக்கொண்டு நின்றது. மகளின் கேற் ஒரு வாரம் சுவரில் சாத்தியபடியே இருந்தது. சின்னவள் ஒரு நாள் முதல் படியில் உட்கார்ந்து, இரண்டாவது படியின் இடைவெளிக்குள் காலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அன்று மாமாவுக்கு போன் எடுத்தேன்.

அவர் காலை பஸ்ஸில் வந்தார். எழுபதை நெருங்கிய மனிதர், முன்பல் இருந்த இடம் அப்படியே வெற்றிடம். கேற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான். ஒரு கையாலை அமத்தினால் திறக்கும். பிள்ளைக்கு விளங்காது, பெரியாக்களுக்கு இருட்டிலையும் திறக்கலாம்" என்றார். பிறகு, "அத்தான் இதைக் கண்டிருந்தால் உடைச்சிருக்க மாட்டார்" என்றார். இடைவெளிகளுக்குப் புதுப் பலகை அளந்து அறுத்து அடித்தார். பக்கத்துக்குக் கம்பி வைத்தார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சின்னவளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

கேற்றின் கடைசி ஸ்குரூ ஆணிகளை நான் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"மாமா, அண்டைக்கு ஆச்செண்டு சொன்னது நான்."

அவர் நிமிர்ந்தார்.  ஓங்கி அறைந்தார். ஆணிகள் சிதறிப் படியில் உருண்டன. மகள் "ஐயோ!" என்று ஓடிவந்தாள்.

"நாப்பது வருசம்!" என்றார் மாமா. வாய் கோணியது. "சின்னப் பிள்ளை, வளந்தால் தாயிட்டைச் சொல்லும், அக்கா என்னைக் கூப்பிடுவா எண்டு இருந்தனான். ஒவ்வொரு தீவாளிக்கும் பாத்துக்கொண்டு இருந்தனானடி. அக்கா கண்ணை மூடினாப் பிறகு வந்து எனக்குச் சொல்லுறாய். எனக்குத் தெரியாததையோ சொல்லுறாய்?"

கன்னம் எரிந்தது. அந்த அடி அப்பாவின் பெல்ற்றைவிட வலித்தது. அது எனக்கு உரியது, அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரை வெளியே போகச் சொன்னாள். "நீ சும்மா இரு" என்றேன். குனிந்து ஒவ்வொரு படியாக ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டு கீழே போனேன்.

மாமா முகத்தை இடுப்புச் சாரத்தின் நுனியால் துடைத்தார். நான் ஏறி வந்து ஆணிகளைக் கொடுத்தேன், வாங்கினார். கடைசி ஆணியையும் முறுக்கினார்.

"கீழை போய் நில். பூட்டு விழுதோ எண்டு பாப்பம்."

நான் மறுபடி இறங்கி, அன்று நின்ற அதே மூலையில் நின்றேன். மேலே வெள்ளைக் கேற் மூடுவது தெரிந்தது. அதற்குப் பின்னால் வயதான இரண்டு கால்கள்.

"ஆச்சா?" என்று கேட்டார்.

 நான்கு படி ஏறி, கம்பிக்குள்ளால் எட்டிப் பார்த்து, சின்னவள் தாயின் இடுப்பில் இருக்கிறாளா என்று கண்ணால் கண்ட பிறகுதான் சொன்னேன்.